தன்னெழுச்சிப் பிரிவு

மூன்று கல் என்பதுதான் அண்ணிக்கு உறுத்தியது.

"கோபத்துல எறியறவன் எண்ணிக்கிட்டா எறிவான்?" என்று அன்று காலையிலேயே நாலு தடவை கேட்டுவிட்டார். தெரியாது என்று நாலு தடவையும் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவதோடு சரி. பத்து நிமிஷத்தில் நானே போய்த் திறந்தும் விடுவேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பவர். அண்ணி அரசாங்கப் பதிவறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பழைய ஃபைல்களோடு குடித்தனம் நடத்தினார். ஒருநாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, பேட்டரிக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். நான் அவருடைய உதவியாளன். வேறு எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை என்பது குடும்பத்துக்கே தெரிந்த சங்கதி, அதை இங்கே விரிப்பதற்கில்லை. ஒன்றரை வருஷத்தில் எங்களுக்கு மூன்று வழக்குகள் வந்தன. முதலாவது, காணாமல்போன நாய். அது தானாகவே வீடு திரும்பியது. இரண்டாவது, காணாமல்போன கணவர். அவரும் அப்படியே. மூன்றாவதைப் பற்றிப் பேச அண்ணி தடை விதித்திருக்கிறார்.

நாலாவது வழக்கு முந்தின நாள் மாலை மாடிப்படி ஏறி வந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் அம்மா ஒருவர், கழுத்திலிருந்த இன்ச் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார்.

தையல்காரம்மாவின் ஒரே மகன் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீவிரவாதக் கும்பலோடு போனவன். ஆணி அடித்த பெட்டியில் திரும்பி வந்தான். திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். அதே கும்பல் வளைத்துக்கொண்டிருந்த பையன்களை வியாழக்கிழமைதோறும் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். அறிவுரை கிடையாது. மகனைப் பற்றிப் பேசினார், அவர்கள் பேசுவதைக் கேட்டார். எட்டுப் பேர் கும்பலை விட்டு விலகி வந்தார்கள். பிறகு இதற்கு 'வீட்டுக்கு வா' என்று ஒரு பெயர் வந்தது, போஸ்டர் வந்தது, மைக் வந்தது, பத்திரிகையில் படம் வந்தது.

போன வாரம் ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. தெரு முழுக்கக் கதவிடுக்கு வழியாகத் தள்ளியிருந்தார்கள். 'தையல்காரி அரசாங்கத்தின் ஆள். டீ கொடுத்து உங்கள் பிள்ளைகளை வேவு பார்க்கிறாள்' என்று அதில் இருந்தது. அன்று மாலையே அவர் வீட்டு ஜன்னலில் மூன்று கல் விழுந்தது. மூன்றோடு நின்றும்விட்டது.

"நாளைக்கு ஆறு மணிக்கு மண்டபத்துல கூட்டம்" என்றார் தையல்காரம்மா. "என் புள்ள போட்டோ மேல கை வெச்சு, எனக்குப் பின்னால யாரும் இல்லைன்னு சத்தியம் பண்ணப்போறேன். எட்டுப் பேர்ல ஒருத்தன் வெல்டர். 'நீங்க சத்தியம் பண்ணா நம்பறேன், இல்லைன்னா பழைய இடத்துக்கே போயிடறேன்'னு சொல்லிட்டான். எனக்குச் சத்தியம் பண்ண பயம் இல்லைங்க. இந்தப் பொய்யைக் கிளப்பினவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன் பேரையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

எங்களைப் பற்றி யார் சொன்னார்கள் என்று அண்ணி விசாரித்தார். நல்லவர் சொன்னாராம்.

நல்லவர் என்பது அந்தத் தெருவே அவருக்கு வைத்த பெயர். ரிட்டயரான வாத்தியார், மனைவியை இழந்தவர் என்று சொல்லிக்கொண்டு, பெட்டி வந்த மறுமாதம் தையல்காரம்மாவின் வாசலுக்கு வந்தார். அந்த அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். போஸ்டர், மைக், மண்டபம், பத்திரிகைக்காரர் எல்லாம் அண்ணாவின் ஏற்பாடு. சத்தியம் செய்யும் யோசனையும் அண்ணாவுடையதுதான்.

மகனின் படத்தை அந்த அம்மா ஒரு பழைய போஸ்டரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஃபுல்ஸ்கேப் தாளில் கையால் எழுதியது. 'எங்கள் கண்ணீருக்குக் கட்சி இல்லை. இப்படிக்கு, ஓர் அம்மா.' அண்ணி படத்தைப் பார்த்ததைவிட அந்தத் தாளை அதிக நேரம் பார்த்தார். அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா படியிறங்கிப் போனதும் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இடது மூலையைப் பாரு."

வட்டமாக, சுத்தமாக ஓர் ஓட்டை இருந்தது. கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள் என்றேன்.

"தொங்கவிட ரெண்டு ஓட்டை வேணும். இது ஒண்ணு. வலது மூலையைப் பாரு."

பென்சிலில் 47 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. நாற்பத்தேழாவது அம்மாவாக இருக்கலாம் என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோதுதான் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"தம்பி, போஸ்டரைச் சுவத்துல ஒட்டுவாங்க, கையில பிடிப்பாங்க, கிழிப்பாங்க. அதுக்கு ஓட்டை போட்டுப் பக்க எண் குடுக்கறவன் ஒருத்தன்தான். அதை ஃபைல்ல கோத்து மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கினவன்."

அப்படியானால் அந்தக் கண்ணீருக்கு அப்ரூவல் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஃபைல் காப்பியைத் தவறுதலாகச் சுவருக்கு அனுப்பி, சுவருக்கு எழுதியதை ஃபைலில் வைக்காமலும் விட்டிருக்கிறார்கள் என்றார் அண்ணி. அவர் குரலில் இருந்த வருத்தம் நாட்டைப் பற்றியதா ஃபைலைப் பற்றியதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போஸ்டர் அவர் ஏற்பாடு என்பதால், மறுநாள் காலை நல்லவரின் பின்னால் போனோம். ரிட்டயரான வாத்தியார் ஒன்பது இருபத்தைந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ரிட்டயரானவர்கள் எதற்காகவும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஏழாவது நிறுத்தத்தில் இறங்கி, சிமென்ட் பூச்சு உதிர்ந்த ஒரு மூன்று மாடிக் கட்டிடத்துக்குள் சரியாகப் பத்து மணிக்கு நுழைந்தார். இரண்டாவது மாடியில் போர்டு இருந்தது: 'மழைமானிச் சீரமைப்புத் துணை அலுவலகம்.'

"நல்லா யோசிச்சுத்தான் பேர் வெச்சிருக்காங்க" என்றேன். "சீரமைக்கச் சொல்லி மழைமானியைத் தூக்கிட்டு ஒருத்தனும் வரமாட்டான்."

எதிர்த் தெரு டீக்கடையில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு ஆட்கள் சாப்பிட இறங்கினார்கள். நல்லவர் இரண்டு பேரோடு பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போனார். அண்ணி எழுந்து தாளை நேராக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். உள்ளே போய் என்ன பொய் சொல்லப்போகிறோம் என்று கேட்டேன். பொய் எதற்கு, அவர்கள் பொருளை அவர்களிடம் கொடுக்கப்போகிறோம் என்றார்.

அறையில் ஆறு மேசை, நாலு பீரோ, ஒரு மின்விசிறி. கடைசி மேசையில் ஃபைல்களுக்குப் பொறுப்பான அம்மா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமல், ரெண்டு மணிக்கு மேல் வரச் சொன்னார்.

"உங்க நாற்பத்தேழாம் பக்கம் வெளியில சுத்திக்கிட்டு இருக்கும்மா" என்றார் அண்ணி. "கையில கிடைச்சுது. சேர்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. கொள்ளை போனது, தீப்பிடித்தது என்று சொல்லியிருந்தால்கூட அந்த முகத்தில் அவ்வளவு பயம் வந்திருக்காது. இரண்டு வாரமாக அந்தப் பக்கத்தைத் தேடுகிறாராம். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷனாம். பக்கம் இல்லையென்றால் யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் தலையில்தான் விழும், கையெழுத்துப் போட்டது இவர். அண்ணியின் கையில் இருந்த தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஓட்டையைத் தடவிப் பார்த்தார். நீங்கள் யார் என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது. பதிவறையில் இருபத்திரண்டு வருஷம் என்று அண்ணி உண்மையைச் சொன்னார்.

"அந்தக் கரையான் ரூம்லயா?" என்றார் அந்த அம்மா. அந்த நிமிஷத்தில் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். சம்பந்தம் பேசாததுதான் பாக்கி.

மூன்றாவது பீரோவிலிருந்து ஃபைல் வந்தது. மேலட்டையில் 'தன்னெழுச்சிப் பிரிவு – அம்மாக்கள் (வடக்கு)' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. தெற்கிலும் அம்மாக்கள் உண்டா என்று கேட்டேன். அது அடுத்த பீரோ என்று சர்வசாதாரணமாகப் பதில் வந்தது. அதற்கும் கீழே 'கோபமுற்ற வாலிபர்கள்', 'மனம் திருந்தியோர்' எல்லாம் இருந்தார்கள். 'கவலை கொண்ட வியாபாரிகள்' மட்டும் ஆள் கிடைக்காமல் நிலுவையில் இருந்தது.

அந்த அம்மா டேக் கயிற்றை அவிழ்த்து, நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே தாளைக் கோத்தார். பின்னால் இருக்கும் பக்கங்களும் வரிசையாக இருக்கின்றனவா, ஒரு தடவை சரிபார்த்துவிடலாமே என்றார் அண்ணி. தொழில் தெரிந்தவர் சொன்னால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். ஃபைல் எங்கள் பக்கமாகத் திரும்பியது.

நாற்பத்தெட்டாம் பக்கத்தைப் படித்தேன். 'தையல்காரி அரசாங்கத்தின் ஆள். டீ கொடுத்து உங்கள் பிள்ளைகளை வேவு பார்க்கிறாள்.' அதே துண்டுப் பிரசுரம், அதே வாசகம், இடது மூலையில் அதே ஓட்டை. ஓரத்தில் மூன்று பேனாக்கள் பேசிக்கொண்டிருந்தன.

நீல மை: 'எதிர்ப்பே இல்லாத இயக்கத்தை மக்கள் சந்தேகிப்பர். மிதமான எதிர்ப்புக்கு ஏற்பாடு செய்க.'

கறுப்பு மை: 'மிதமான எனில் எத்தனை கல் என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்.'

பச்சை மை: 'மூன்று.'

அண்ணி பக்கத்தைத் திருப்பினார். நாற்பத்தொன்பது, அன்று மாலைக் கூட்டம். மண்டபம், நாற்காலி, மைக். 'மகன் புகைப்படத்தின் மீது சத்தியம் செய்தல் – 6.20. கண்ணீர் – 6.22 (உத்தேசமாக).'

ஐம்பதாம் பக்கத்தை அண்ணி சட்டென்று மூடப் பார்த்தார். அதற்குள் நான் படித்துவிட்டேன்.

'நம்பகத்தன்மையைக் கூட்டும் பொருட்டு, தனியார் துப்பறிவாளர் ஒருவரைச் சம்பந்தப்பட்ட அம்மாவே நாடும்படி செய்யலாம். பரிந்துரை: பேட்டரிக் கடை மாடி. இதுவரை எதையும் கண்டுபிடித்ததில்லை. பாதுகாப்பான தேர்வு.'

நாயைப் பற்றியும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. மனசு விட்டுப்போனது என்று சொல்லவேண்டியதில்லை. அதே நேரத்தில், முதன்முறையாக எங்கள் நிலையத்தைப் பற்றி ஒருவர் முழுசாக விசாரித்திருக்கிறார் என்ற எண்ணமும் வந்தது, அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

வரிசை சரியாக இருக்கிறது என்று சொல்லி அண்ணி ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா எங்களுக்குக் கைகூப்பினார்.

மாடிப்படியில் நல்லவர் ஏறி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு படி இறங்கி நின்றார். முகத்தில் அதிர்ச்சி இருந்தது, ஆனால் மறுக்க முயலவில்லை. நல்லவர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

"எட்டுப் பசங்க உயிரோட இருக்காங்க" என்றார் மெல்ல. "அது பொய்யா? இன்னிக்கு அந்தம்மா சத்தியம் பண்ணலைன்னா எட்டும் திரும்பிப் போகும். எட்டுப் பெட்டி வரும். அதை எந்த ஃபைல்ல வைக்கறது, நீங்களே சொல்லுங்க."

"அந்தப் பசங்க வந்தது அந்தம்மாவுக்காக" என்றார் அண்ணி. "உங்க போஸ்டரைப் பார்த்து ஒருத்தன் வந்ததா ஃபைல்ல இல்லையே. நான் பார்த்தேன்."

"யார் கிளப்பினதுன்னு கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க போதும். உங்களுக்குப் பழக்கம்தானே."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே எங்களுக்கு ஒரு வழி காட்டினார். அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நானாக இருந்தால் சொல்லமாட்டேன் என்றேன். சத்தியம் முடியட்டும், பையன்கள் தங்கட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்றேன். ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணி கேட்டார்.

"செத்துப்போன மகன் மேல கை வெச்சு அந்தம்மாவைப் பொய்ச் சத்தியம் பண்ணவிட்டு, நாம டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாமா?"

தையல்காரம்மாவின் தெரு வந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

தையல்காரம்மா மெஷினில் இருந்தார். ஜன்னல் கண்ணாடியில் மூன்று ஓட்டைகளையும் அட்டையால் அடைத்திருந்தார். அண்ணி ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போஸ்டர், பிரசுரம், கல், ஆறு இருபது, ஆறு இருபத்திரண்டு. மெஷின் நின்றிருந்தது. ஊசிக்குக் கீழே ஏதோ ஒரு பிள்ளையின் காலர் பாதியில் இருந்தது.

"அண்ணாவுமா?" என்று கேட்டார்.

அண்ணி தலையசைத்தார்.

"பெட்டி வந்தப்புறம் இதே இடத்துல உக்காந்து என்கூட அழுதாரே."

"அது ஃபைல்ல இல்லைம்மா" என்றார் அண்ணி. "நான் பார்த்த வரைக்கும் இல்லை."

அந்த அம்மா காலரைத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு மகனின் படத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கு நேரமாகிறது என்றார். என்ன செய்யப்போகிறார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நல்லவர், மடியில் நோட்டுப் புத்தகம். பின்சுவரில் சாய்ந்து வெல்டர் நின்றான், கையில் தீப்பொறி பட்ட தழும்புகள். மற்ற ஏழு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அவர்களும்.

சரியாக ஆறு இருபதுக்கு அந்த அம்மா மைக் முன்னால் வந்தார். பையிலிருந்து படத்தை எடுக்கவில்லை.

"சத்தியம் பண்ண வந்தேன். பண்ண மாட்டேன்" என்றார். "எனக்குப் பின்னால அரசாங்கம் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கே தெரியாது. தெரியாதுங்கறதுக்கும் நான் சத்தியம் பண்ணப்போறதில்லை. என் புள்ளையை வெச்சு இனிமே யாருக்கும் எதையும் நிரூபிக்க மாட்டேன். போஸ்டர் அவங்களோடது. இந்த மைக் அவங்களோடது. என் ஜன்னல்ல விழுந்த கல்லும் அவங்களோடது. டீ மட்டும் என்னோடது. வியாழக்கிழமை போடுவேன்."

மைக்கை அணைக்கத் தெரியாமல் ஒரு நிமிஷம் தடவிவிட்டு, அப்படியே விட்டு இறங்கினார். கண்ணீர் வரவில்லை. கைதட்டலும் இல்லை. நல்லவர் பழக்க தோஷத்தில் நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்து, பாதியில் பேனாவை மூடிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். வெல்டர்தான் முதலில் வெளியே போனான். ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவன் பின்னால் போனார்கள். எட்டுப் பெட்டி என்று படியில் கேட்ட வார்த்தை என் காதிலேயே நின்றது. அன்று வீட்டுக்குப் போய் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகத் தோன்றியது.

வியாழக்கிழமை ஐந்தரைக்கே அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தையல்காரம்மா எட்டு நாற்காலி போட்டு எட்டு டம்ளர் கழுவி வைத்திருந்தார். ஆறு அடித்தது. ஆறேகால் ஆயிற்று. ஆறரைக்கு டீயை மறுபடி சூடுபண்ணினார். ஒரு நகைச்சுவை சொல்லலாமா என்று யோசித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆறே முக்காலுக்கு வாசலில் இரும்பு இடிபடும் சத்தம் கேட்டது. வெல்டர், தோளில் ஒரு ஜன்னல் கம்பிச் சட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றான்.

"நான் உங்களை நம்பி வரலை" என்றான் உள்ளே வராமலே. "மத்தவங்களும் வரமாட்டாங்க. ஜன்னல் திறந்த மாதிரி கிடக்கு, அதுக்காக வந்தேன். மாட்டிட்டுப் போயிடறேன்."

சரி என்றார் தையல்காரம்மா.

அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, இன்ச் டேப் வேண்டும் என்றான். அவர் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அவன் அளந்தான், துளையிட்டான், சட்டத்தை ஏற்றி முடுக்கினான், இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தான். அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் அவர் டம்ளரை நீட்டினார். வாங்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே குடித்து, காலி டம்ளரைக் கழுவி, மற்ற ஏழோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தான்.

வாசல் வரை போனவன் திரும்பினான்.

"அடுத்த வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஆறு மணிக்குத்தான் டீ. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.